பியான்ஸேயின் ‘ஹேலோ’: மேடையில் பாட எந்தச் சுருதி, எங்கே மூச்சு?

நடுஸ்தாயி:

டெஸ்டினீஸ் சைல்ட் குழுவுக்கு வெளியே பியான்ஸே தனியாகப் பாடிய பாட்டுகளில் ‘ஹேலோ’வை மேடையில் பாட வேண்டியிருக்கிறது. பெண் குரல். நெஞ்சுக்குரலில் கீழே எஃப் 3, மேலே பி 4 வரை சிரமமில்லை (எழுத்து ஸ்வரம், எண் அது இருக்கும் ஸ்தாயி). அதற்கு மேல் மெலிசாக டி 5 வரை போகும், ஆனால் பலம் இருக்காது. துணைக்கு ஒரு கீபோர்டு. அது அமையாவிட்டால் செல்போனில் கரோக்கி டிராக்.

கேள்விகள்:

மூலச் சுருதியான ஏ மேஜரிலேயே பாடலாமா, இறக்க வேண்டுமா? இறக்கினால் எவ்வளவு?

கோரஸில் இரண்டாவது வரிக்குள் குரல் ‘கிறீச்’ என்று உடைகிறது. மெதுவாகப் பாடினால் உடைவதில்லை, ஆனால் உணர்ச்சி இல்லாத மாதிரி இருக்கிறது.

கோரஸுக்குப் பிறகு ‘ஹேலோ, ஹேலோ’ என்று திரும்பத் திரும்ப வரும் இடத்தில் மூச்சு தீர்ந்துபோகிறது. எங்கே எடுப்பது?

ஒரே கீபோர்டை வைத்துக்கொண்டு இந்தப் பாட்டு வெறிச்சென்று இல்லாமல் இருக்க என்ன வாசிக்கலாம்?

---

தம்புராக்கம்பி:

முதலில் எல்லையைப் பார்த்துவிடுவோம். அச்சில் கிடைக்கும் பியானோ–குரல் நொட்டேஷனில் இந்தப் பாட்டுக்குக் கீழ் எல்லை சி ஷார்ப் 3, மேல் எல்லை எஃப் ஷார்ப் 5. கிட்டத்தட்ட இரண்டரை ஸ்தாயி. உங்களுக்கு எஃப் 3 முதல் டி 5. அதாவது மூலச் சுருதியில் இரண்டு முனையும் உங்களுக்கு வெளியே. மேலே எட்டவில்லை என்று இறக்கினால் கீழே இன்னும் மூழ்கும். நாலு அரைக்கட்டை இறக்கினாலும் உச்சம் டி 5க்குத்தான் வரும், அதுவும் உங்களிடம் பலமில்லாத டி 5. கீழ் முனையோ ஏ 2க்குப் போய்விடும். சுருதியை மட்டும் நகர்த்தி இந்தப் பாட்டை உங்கள் குரலுக்குள் அடைக்க முடியாது என்பதை ஒத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

ஆனால் அந்த இரண்டு முனையும் பாட்டு இல்லை. உச்ச ஸ்வரம் ஒரு கணம் தொட்டுவிட்டு வரும் இடம். அதை விட்டால் யாரும் காசைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது குரல் அதிக நேரம் குடியிருக்கும் இடத்தை. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: டிராக்கை ஓடவிட்டு, வார்த்தை இல்லாமல் ‘ம்’ என்று முழுப் பாட்டையும் முனகுங்கள். கையில் ஒரு டியூனர் ஆப். கோரஸில் நீளமாக நிற்கும் ஸ்வரங்களை மட்டும் தாளில் எழுதுங்கள், கடந்து போகிறவை வேண்டாம். அந்த நீள ஸ்வரங்களில் மிக உயர்ந்தது உங்கள் பி 4க்குள் வரும்படி சுருதியை வையுங்கள். அதற்குப் பிறகு சரணத்தில் எட்டாமல் போகும் தாழ்ந்த ஸ்வரங்களை, அந்த நேரத்து கார்டில் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டில்) இருக்கும் பக்கத்து ஸ்வரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நாலே கார்டுகள் உள்ள பாட்டு, மாற்றியது காதில் உறுத்தாது.

பெரும்பாலும் நீங்கள் ஜி மேஜரில், நம் கணக்கில் ஐந்து கட்டையில், வந்து நிற்பீர்கள். மூலம் ஆறு கட்டை. இரண்டு அரைக்கட்டைக்கு மேல் இறக்க நான் சொல்ல மாட்டேன். காரணம், இந்தப் பாட்டின் சரணமே பேச்சுக்குப் பக்கத்தில் தாழ்வாக ஆரம்பிக்கிறது. அங்கே வார்த்தை கேட்காவிட்டால் கோரஸில் எவ்வளவு உயரப் போனாலும் பயனில்லை, ஏறிய தூரம் யாருக்கும் தெரியாது.

குரல் உடைவது பற்றி. மெதுவாகப் பாடினால் உடைவதில்லை என்று நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். நெஞ்சுக்குரலின் கனத்தை அப்படியே தூக்கிக்கொண்டு ஏ 4, பி 4 என்று ஏறும்போது நாண்கள் தடிமனாகவே இருக்கின்றன. அவற்றை அதிரவைக்கக் காற்றழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் தசை பிடியை விட்டுவிடும். அப்போது குரல் கள்ளக்குரலுக்குத் தாவுகிறது. அந்தத் தாவல்தான் நீங்கள் சொல்லும் ‘கிறீச்’. உடைவது கோரஸின் இரண்டாம் வரியில் என்றாலும் தப்பு நடப்பது அதற்கு முந்தைய பகுதியில், கோரஸுக்கு ஏற்றிக்கொண்டு போகும் நாலு வரிகளில். அங்கேயே முழுச் சத்தத்தைச் செலவழித்துவிட்டால் கோரஸுக்குக் கனத்தைத் தவிர வேறெதுவும் மிச்சமிருக்காது.

செய்ய வேண்டியது: எஃப் 4, ஜி 4 வந்ததுமே குரலை மெலியவிடத் தொடங்குங்கள். சத்தம் குறைய வேண்டியதில்லை, கனம் குறைய வேண்டும். பழக்கத்துக்கு ‘ங்’ ஒலி நல்லது. ‘தங்கம்’ என்று சொல்லும்போது நடுவில் நாக்கின் பின்பகுதி அண்ணத்தைத் தொடுகிறதே, அந்த இடத்தில் நிறுத்தி ஐந்து ஸ்வரம் ஏறி இறங்குங்கள். ஏ 3இல் ஆரம்பித்து அரைக்கட்டை அரைக்கட்டையாக டி 5 வரை. உடையாமல் போக ஆரம்பித்த பிறகு ‘ங்–ஆ’ என்று திறக்கலாம். அடுத்து அதே கோரஸை ‘நே நே நே’ என்று சற்று மூக்கடைத்த, அசிங்கமான குரலில் பாடுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. கடைசியில் வார்த்தைகள். ஒரு நாளைக்கு முழுச் சத்தத்தில் கோரஸ் மூன்று தடவை போதும், மீதிப் பயிற்சி அறுபது சதவீதத்தில்.

பாடுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஸ்ட்ரா: ஒரு டம்ளர் தண்ணீரில் சாதாரண ஸ்ட்ராவை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் மட்டும் விட்டு, குமிழி சீராக வரும்படி ‘ஊ’ என்று ஏறி இறங்குங்கள். குமிழி விட்டுவிட்டு வந்தால் மூச்சு சீராக இல்லை என்று அர்த்தம். அடிவரை ஸ்ட்ராவை இறக்காதீர்கள். ஆழம் கூடக்கூட எதிரழுத்தம் கூடி, தொண்டை இறுக ஆரம்பிக்கும்.

கர்நாடகப் பயிற்சி இருந்தால் ஒரு எச்சரிக்கை. பிருகா பாடிப் பழகிய தொண்டைக்கு இந்தப் பாட்டின் அலங்காரங்கள் வேகத்தில் பெரிய விஷயமில்லை. ஆனால் இங்கே ஒவ்வொரு ஸ்வரமும் படிக்கட்டு மாதிரி தனித்தனியாக நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் போதையேறின மாதிரி கேட்கும். நீள ஸ்வரத்தையும் முதலில் அசைக்காமல் நிறுத்தி, முடியப்போகும்போது மட்டும் லேசாக அசைவு கொடுங்கள்.

---

கருப்புக்கட்டை:

கீபோர்டு பக்கம் நான் சொல்கிறேன்.

மூலத்தில் வேகம் நிமிடத்துக்கு 80 அடி, நாலடித் தாளம். ஒரு பார், அதாவது நாலடி கொண்ட ஒரு சுற்று, சரியாக 3 நொடி. நாலு கார்டு: ஏ மேஜர், பி மைனர், எஃப் ஷார்ப் மைனர், டி மேஜர். பாருக்கு ஒன்று. நாலு நிமிடம் இருபது நொடி சொச்சம் ஓடும் பாட்டில் இந்தச் சக்கரம் ஏறக்குறைய இருபது தடவை சுற்றுகிறது. சரணத்துக்கும் அதேதான், கோரஸுக்கும் அதேதான். வெறிச்சென்று இருக்கிறது என்று நீங்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். கார்டு மாறி மூட் மாறும் என்று காத்திருந்தால் கடைசி வரை மாறாது. எத்தனை ஸ்வரம் ஒலிக்கிறது, எந்த ஸ்தாயியில் ஒலிக்கிறது, எங்கே நிறுத்துகிறோம், இந்த மூன்றை வைத்துத்தான் வளர்க்க வேண்டும்.

வலது கைக்கு ஒரு வழி. பி மைனருக்குப் பதில் பி மைனர் செவன்த் வாசியுங்கள். அப்போது நாலு கார்டிலும் ஏ ஸ்வரம் பொதுவாக இருக்கும். அதைக் கட்டை விரலுக்கு எதிர்முனையில், சுண்டுவிரலில் வைத்து நகர்த்தாமல் விடுங்கள்:

ஏ மேஜர்: சி ஷார்ப், ஈ, ஏ. இடது கை ஏ.
பி மைனர் செவன்த்: டி, எஃப் ஷார்ப், ஏ. இடது கை பி.
எஃப் ஷார்ப் மைனர்: சி ஷார்ப், எஃப் ஷார்ப், ஏ. இடது கை எஃப் ஷார்ப்.
டி மேஜர்: டி, எஃப் ஷார்ப், ஏ. இடது கை டி.

பார்த்தீர்களா, இரண்டாவதுக்கும் நாலாவதுக்கும் வலது கை ஒன்றேதான், இடது கை மட்டும்தான் வித்தியாசம். மூன்றாவதிலிருந்து நாலாவதுக்குப் போக ஒரே ஒரு விரல் அரைக்கட்டை நகர்கிறது. மேலே ஷட்ஜம் அசையாமல் நிற்க, கீழே எல்லாம் மாறுகிறது. சுருதிப்பெட்டி போட்ட மாதிரி. பாடுகிறவருக்கும் இது உதவி, சுருதி எங்கே இருக்கிறது என்று காது தேட வேண்டியதில்லை.

ஜி மேஜரில் வாசிப்பதானால் மேலே நிற்பது ஜி. ஜி மேஜருக்கு பி–டி–ஜி, ஏ மைனர் செவன்த்துக்கு சி–ஈ–ஜி, ஈ மைனருக்கு பி–ஈ–ஜி, சி மேஜருக்கு மறுபடி சி–ஈ–ஜி. கருப்புக் கட்டையே இல்லை, புதிதாக வாசிப்பவருக்கும் வரும். கிதார் இருந்தால் இதே கார்டுகளைத் திறந்த கம்பியில் பிடிக்கலாம். மூலச் சுருதி வேண்டுமென்றால் இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி).

வளர்ப்பது எப்படி என்றால்: முதல் சரணத்தில் இடது கை ஒற்றை ஸ்வரம், வலது கை பாருக்கு ஒரே ஒரு அடி, பெடலில் ஒலிக்க விடுங்கள். கோரஸுக்கு ஏறும் நாலு பாரில் அடிக்கு ஒரு கார்டு. முதல் கோரஸில் இடது கை எண்மம், அதாவது ஒரே ஸ்வரம் இரண்டு ஸ்தாயியில். வலது கையை இன்னும் மேலே தூக்க வேண்டாம். அதை இரண்டாம் கோரஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வார்த்தை குறைந்து இசை மட்டும் ஓடும் பகுதியில் இடது கையை மொத்தமாக எடுத்துவிடுங்கள். அடித்தளம் காணாமல் போனதும் கூட்டம் தானாக நிமிரும். கடைசி கோரஸின் முதல் அடியில் இடது கை திரும்பி வர வேண்டும். முதல் கோரஸிலேயே பத்து விரலையும் போட்டு அடிப்பதுதான் எல்லோரும் செய்வது. ஒன்றரை நிமிடத்தில் சரக்கு தீர்ந்து, மிச்சம் மூன்று நிமிடம் அதே சத்தம்.

பெடல்: புது கார்டை அடித்த பிறகு காலைத் தூக்கி உடனே அழுத்துங்கள். அடிக்கும் முன்னால் தூக்கினால் நடுவில் ஓட்டை விழும். தூக்காமலே விட்டால் சி ஷார்ப்பும் டியும் ஒன்றோடொன்று மோதிக் கலங்கும்.

வேகம்: கோரஸ் வந்ததும் கை தானாக ஓடும். 80இல் தொடங்கி 86இல் முடிப்பது சகஜம். பாருக்கு 0.2 நொடிதான் வித்தியாசம், ஆனால் அந்த 0.2 நொடிதான் பாடுகிறவரின் மூச்சு. காதில் மெட்ரோனோம் வைத்துக்கொண்டு வாசிப்பது அவமானம் இல்லை.

முடிவு. இந்தச் சக்கரம் டி மேஜரில் முடிந்து ஏவில் திரும்பத் தொடங்குகிறது. அதாவது தானாக முடியாது. கடைசி டியைப் பிடித்து இரண்டு பார் நிறுத்தி, பிறகு மெதுவாக ஏவில் இறங்குங்கள். தேவாலயப் பாட்டுகளின் கடைசியில் ‘ஆமென்’ பாடும்போது வரும் அதே நகர்வு. இந்தப் பாட்டில் காஸ்பல் வாடை அடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தம்புராக்கம்பியிடம் ஒரே ஒரு மறுப்பு. இரண்டு அரைக்கட்டைக்கு மேல் இறக்கவே கூடாது என்பது முழு டிராக்கோடு பாடும்போது சரி. தனிப் பியானோ என்றால் மூன்று இறக்கினாலும் சரணம் கேட்கும், ஏனென்றால் அங்கே போட்டிக்கு ட்ரம் இல்லை. ஆனால் எஃப் ஷார்ப் மேஜரில் கை வைத்து வாசிக்காதீர்கள், டிரான்ஸ்போஸ் பட்டனில் மைனஸ் 3 போட்டு ஏ மேஜர் விரல்களையே வாசியுங்கள்.

---

தம்புராக்கம்பி:

தனிப் பியானோ என்றால் மைனஸ் 3 ஒத்துக்கொள்கிறேன். பியானோ மட்டும் வைத்து இந்தப் பாட்டு நிற்கும் என்பதற்கு முன்னுதாரணம் பியான்ஸேயே. 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்க நிதிக்காக நடந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கோல்ட்ப்ளேயின் கிறிஸ் மார்ட்டின் பியானோ வாசிக்க இதைப் பாடினார். அதைத் தேடிக் கேளுங்கள். ஆல்பத்தில் அடுக்கடுக்காக இருக்கும் குரல்கள் இல்லை, ட்ரம் இல்லை. எதை விடலாம் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

இப்போது ‘ஹேலோ’ வரும் இடத்து மூச்சு. பலரும் வயிற்றில் காற்றுப் போதவில்லை என்று நினைத்து இன்னும் பெரிதாக மூச்சிழுக்கிறார்கள். சிக்கல் அங்கே இல்லை, ‘ஹ’வில் இருக்கிறது. ‘ஹ’ என்பது நாண்கள் சேராமல் காற்று மட்டும் போகும் ஒலி. ஒரு வரியில் மூன்று தடவை அந்த வார்த்தை வந்தால் மூன்று தடவை டயரில் காற்றை இறக்கிவிடுகிறீர்கள். முதல் தடவை மட்டும் ‘ஹ’வைத் தெளிவாகச் சொல்லுங்கள். அடுத்த தடவைகளில் நூலளவு போதும், கிட்டத்தட்ட ‘ஏலோ’. கேட்பவர் காது முதலில் கேட்ட ‘ஹ’வைத் தானே போட்டுக்கொள்ளும்.

உயிரெழுத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் அந்த வார்த்தை ‘ஹெய்லௌ’ என்று இரண்டு இடத்திலும் வழுக்கும். பேசுகிற மாதிரியே பாடினால் வாய் சீக்கிரம் ‘ய்’க்கும் ‘வ்’வுக்கும் மூடி, ஒலி குறுகிவிடும். தமிழ் ‘ஏ’, ‘ஓ’ நேராக நிற்கும் நெடில்கள். ஸ்வரத்தின் பெரும்பகுதியை அந்த நேர் ‘ஏ’யில், ‘ஓ’வில் நிறுத்தி, விடும் கணத்தில் மட்டும் ஆங்கில வளைவைக் கொடுங்கள். மேல் ஸ்வரங்களில் ‘ஏ’யைச் சற்று ‘எ’ பக்கம் தளர்த்தி, தாடையை இன்னும் ஒரு விரல் இறக்குங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ‘ஏ’ என்று இழுத்தால் குரல்வளை மேலே ஏறி, பழைய ‘கிறீச்’ வந்துவிடும்.

மூச்சு எடுக்கும் இடம்: இரண்டு பாருக்கு ஒரு தடவை, அதாவது ஆறு நொடிக்கு ஒரு தடவை. முழு மூச்சு வேண்டாம், வாயைத் திறந்து சட்டென்று ஒரு சிறு மூச்சு. பெரிய மூச்சு கோரஸ் தொடங்குவதற்கு முந்தின பாரின் கடைசி அடியில். அந்த அடியில் முந்தைய வார்த்தையை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள், வெட்டிவிடுங்கள்.

---

வினைல்வாசி:

குறுக்கே ஒரு விஷயம். கரோக்கி தேடும்போது கெல்லி கிளார்க்சனின் ‘ஆல்ரெடி கான்’ பாட்டையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டவர்கள் குழம்புவார்கள். குழப்பம் உங்கள் காதில் இல்லை. இரண்டிலும் பாடலாசிரியர்–தயாரிப்பாளர் ரையன் டெட்டரின் கை இருக்கிறது. ‘ஹேலோ’வை அவரும் இவான் போகார்ட்டும் பியான்ஸேயும் சேர்ந்து எழுதினார்கள். 2008 நவம்பரில் வந்த ‘ஐ ஆம்... சாஷா ஃபியர்ஸ்’ இரட்டை ஆல்பத்தில், மென்பாட்டுகள் இருக்கும் முதல் வட்டில் இது இருக்கிறது. சிங்கிளாக 2009 ஜனவரியில் வந்தது. கிளார்க்சனின் ஆல்பம் அதே 2009 மார்ச்சில். பியானோவும் ட்ரம்மும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. தன் பாட்டை சிங்கிளாக வெளியிட வேண்டாம் என்று கிளார்க்சனே எதிர்த்தார், நிறுவனம் வெளியிட்டது. இரண்டும் ஒன்றல்ல என்பது டெட்டரின் வாதம்.

பாடுகிறவருக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், இந்தப் பாட்டின் அடையாளம் அந்தத் தாளக்கட்டில் இல்லை, குரலில் இருக்கிறது. அதே மாதிரி அடித்தளத்தின் மேல் இன்னொருவர் வேறொரு பாட்டைக் கட்ட முடிந்திருக்கிறதே. ட்ரம்மை அப்படியே நகலெடுக்க மெனக்கெட வேண்டாம். 2010இல் இதற்குக் கிடைத்த கிராமியும் சிறந்த பெண் பாப் குரல் பிரிவில்தான்.

---

நடுஸ்தாயி:

எல்லோருக்கும் நன்றி. நீள ஸ்வரக் கணக்குப் போட்டதில் ஜி மேஜர் சரியாக வருகிறது. இன்னும் இரண்டு சந்தேகம். பின்னணிக் குரல் யாரும் இல்லை. ‘ஹேலோ’ எதிரொலி மாதிரி வரும் இடத்தில் நானே எல்லாவற்றையும் பாட வேண்டுமா? இன்னொன்று, கரோக்கியை செல்போனிலிருந்து கொடுத்தால் மேடையில் பேஸே கேட்பதில்லை, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. டிராக் சரியில்லையா?

---

ஃபேடர்:

டிராக் மேல் பழி போடாதீங்க, ஒயர்தான் காரணம். செல்போன்ல ஹெட்போன் ஓட்டையிலிருந்து வர்றது ஸ்டீரியோ: ஒரு முனையில் இடது, இன்னொன்றில் வலது. அதே மூணு வளைய ஜாக்கை மிக்ஸரோட பேலன்ஸ்டு மோனோ இன்புட்ல சொருகினா, மிக்ஸர் அந்த ரெண்டையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும். ரெண்டு பக்கமும் சமமா இருக்கிற எதுவும் கழிஞ்சு காணாமப் போயிடும். பேஸ், கிக் ட்ரம் எல்லாம் நடுவுலதான் வெச்சிருப்பாங்க, அதனால முதல்ல போறது அதுங்கதான். மிஞ்சுறது ஓரத்துல இருக்கிற எக்கோவும் கீபோர்டும். அதான் கிணறு.

தீர்வு: ஸ்டீரியோ ஜாக் ஒரு பக்கம், மறுபக்கம் ரெண்டு தனி மோனோ ஜாக் பிரிகிற கேபிள் வாங்குங்க. ரெண்டையும் ரெண்டு சேனல்ல கொடுத்து, ஒன்றை முழு இடம், மற்றதை முழு வலம் வைங்க. தூரம் அதிகமா இருந்தா நடுவுல ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (நீள ஒயர்ல இரைச்சல் சேராம சிக்னலை மாத்தித் தர்ற பெட்டி). போன் வால்யூம் தொண்ணூறு சதவீதம், மீதியை மிக்ஸர்ல ஏத்துங்க. ஏரோப்ளேன் மோட் கட்டாயம். பாட்டு நடுவுல ரிங்டோன் வந்தா அது எந்தச் சுருதியிலும் சேராது. சுருதி இறக்கிறதை ஆப்ல செஞ்சா மைனஸ் 2 வரைக்கும் காதுக்குத் தெரியாது. மைனஸ் 4, 5 போனா ட்ரம் சத்தம் ஈரத்துணி அடிச்ச மாதிரி ஆயிடும்.

எதிரொலிக்கு நீங்க பாட வேணாம், டிலே (பாடினதைக் கொஞ்சம் தாமதிச்சுத் திருப்பித் தர்ற எஃபெக்ட்) பாடட்டும். 80 வேகத்துல ஒரு அடி 750 மில்லிசெகண்ட், அரை அடி 375. டிலே நேரம் 750, ஃபீட்பேக் 25 முதல் 30 சதவீதம். நீங்க ஒரு தடவை பாடுங்க, அடுத்த அடியில அது திரும்பி வரும், இன்னொரு தடவை சின்னதா வரும், அப்புறம் மறையும். அந்த நேரத்துல நீங்க மூச்சு எடுத்துக்கலாம். ஆனா டிலேயைப் பாட்டு முழுக்கத் திறந்து வைக்கக் கூடாது. அந்த வார்த்தைக்கு மட்டும் திறந்து உடனே மூட ஒரு ஆள் கன்சோல்ல இருக்கணும். சவுண்ட் ஆளுக்குப் பாட்டு தெரியலைன்னா வரிகளைத் தாள்ல எழுதி, திறக்க வேண்டிய இடத்துல வட்டம் போட்டுக் கொடுத்துடுங்க. கீபோர்டு ஆள் வேகத்துல ஓடினா டிலே தாளத்துல விழாது, கருப்புக்கட்டை சொன்ன மெட்ரோனோம் இங்கேயும் உதவும்.

ரிவெர்ப்: பிளேட் வகை, ஒன்றே முக்காலிலிருந்து ரெண்டு நொடி, முன்தாமதம் 30 முதல் 40 மில்லிசெகண்ட். முன்தாமதம் சுழியத்துல இருந்தா வார்த்தை ஆரம்பமே எக்கோவுல மூழ்கிடும். ஆல்பத்துல இருக்கிற அளவு ரிவெர்ப் மேடையில போடாதீங்க. கல்யாண மண்டபம் மாதிரி கட்டிடம்னா அதுக்கே சொந்த எக்கோ இருக்கும்.

மைக் பிடிக்கிற விதம் இந்தப் பாட்டுல ரொம்ப முக்கியம். சரணத்துல உதட்டிலிருந்து நாலஞ்சு சென்டிமீட்டர். சாதாரண கார்டியாய்ட் மைக்ல (முன்பக்கம் மட்டும் நல்லா கேட்கிற வகை) பக்கத்துல வந்தா அடிக்குரல் தானா தடிக்கும், உங்க தாழ்ந்த ஸ்வரங்களுக்கு அது இலவச உதவி. கோரஸ்ல பத்து சென்டிமீட்டர் வரைக்கும் தள்ளுங்க. தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும், கோரஸ்ல நீங்க ஏத்துறதை ஓரளவு அது சமன் செய்யும். கையை நீட்டி மைக்கைத் தூரமா கொண்டு போற ஸ்டைல் வேணாம். குரல் மெலிஞ்சு போய், சவுண்ட் ஆள் ஃபேடரை ஏத்துவார், நீங்க திரும்பப் பக்கத்துல வந்ததும் ஊளை கிளம்பும்.

சேனல்ல 100 ஹெர்ட்ஸ்ல லோ கட் (அதுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டுறது). கம்ப்ரஸர் (சத்தம் கூடினா தானா குறைக்கிறது) 3க்கு 1, கோரஸ்ல 4 முதல் 6 டெசிபல் குறைக்கிற மாதிரி. அதுக்கு மேல போட்டா சரணமும் கோரஸும் ஒரே உயரத்துல வந்து, தம்புராக்கம்பியும் கருப்புக்கட்டையும் மேல சொன்னது எல்லாம் வீண்.

மானிட்டர், அதாவது பாடுறவருக்குக் கேட்க மேடையில வைக்கிற ஸ்பீக்கர்: கார்டியாய்ட் மைக்னா அது உங்களுக்கு நேரா முன்னாடி, மைக்கோட வால் அதைப் பார்க்கிற மாதிரி. சூப்பர்கார்டியாய்ட்னா வால் பக்கம் கொஞ்சம் கேட்கும், அதனால மானிட்டரை ரெண்டு ஓரத்துல வைக்கணும். மைக் தலையை உள்ளங்கையால மூடிப் பிடிச்சா அது கார்டியாய்டாவே இருக்காது, எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பிச்சுடும்.

---

நடுஸ்தாயி:

ஒயர் விஷயம் சரியாகப் பொருந்துகிறது, இங்கே இருப்பது மூன்று வளைய ஜாக்தான். மானிட்டரில் என் குரலை அதிகம் வைக்கச் சொல்லவா, பியானோவையா?

---

தம்புராக்கம்பி:

பியானோவை. தன் குரல் காதில் அதிகம் கேட்டால் சுருதி தவறாமல் இருக்கலாம், ஆனால் உங்களை அறியாமல் கோரஸில் அடக்கிக்கொள்வீர்கள். குரல் கேட்கவே இல்லை என்றால் அதற்கு நேர்மாறாகக் கத்துவீர்கள். பியானோ மேலே நிற்கும் அந்த ஒற்றை ஸ்வரம் தெளிவாகக் கேட்கும் அளவு, உங்கள் குரல் அதைவிடக் கொஞ்சம் குறைந்த சத்தத்தில். ரிவெர்ப்பை மானிட்டரில் போட வேண்டாம்.

---

கருப்புக்கட்டை:

டிரான்ஸ்போஸ் போட்டு வாசித்தால், பாட்டு முடிந்ததும் பட்டனைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். சில கீபோர்டுகள் டோன் மாற்றினாலும் டிரான்ஸ்போஸை அப்படியே வைத்திருக்கும். அடுத்துப் பாட வருபவர் ஆறு கட்டை கேட்டு, மூன்று அரைக்கட்டை கீழே பல்லவி எடுப்பார்.

---

ஃபேடர்:

அப்போ எல்லோரும் திரும்பிப் பார்க்கிறது கன்சோலைத்தான்.